வில்லாளியின் காயம்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். வாய் திறக்காத பிள்ளைகளைப் பேச வைப்பதற்கு இப்போது சென்னையில் ஓர் ஆட்டம் சொல்லித் தருகிறார்களாம். நாலைந்து பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடையை உருட்டி, அந்த வேஷமாகவே பேச வேண்டும். பேசிப் பேசியே கூச்சம் போய்விடுமாம். என் தம்பி தன் மகளை வாராவாரம் அங்கே அழைத்துப் போகிறான். "இதெல்லாம் புதுசுக்கா, சொன்னா உனக்குப் புரியாது" என்று போனில் சொன்னான்.

நான் மறுத்துப் பேசவில்லை. பதினைந்து வயதில் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த ஆட்டத்துக்குள்தான் நான் குடியிருந்தேன். அவனுக்கு அப்போது ஐந்து வயது. மாடியில் என்ன நடந்தது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

வளைகுடாவில் சண்டை மூண்டு, குவைத்திலிருந்து நம் ஆட்கள் போட்டது போட்டபடி ஓடி வந்தார்களே, அந்த வருஷம். குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அத்தா, என் அப்பா, சவூதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தம்பி, என் சின்னத்தா, துபாயில். வீட்டில் ஆண் துணை இல்லை. அம்மாதான் எல்லாம். நிலத்துக்கு ஆள் சொல்வது, கொல்லையில் நெல் அவிக்க வைப்பது, வெள்ளிக்கிழமை மதியம் டெலிபோன் கடையில் போய்க் காத்திருப்பது, யார் வாசலைத் தாண்டலாம் யார் தாண்டக்கூடாது என்று முடிவு செய்வது, எல்லாமே அம்மா. இடுப்பில் சாவிக்கொத்து கிலுங்கும் சத்தத்தை வைத்தே அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று சொல்லிவிடலாம்.

நான் வயதுக்கு வந்ததும் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பே எனக்கு ஒரு தொல்லை இருந்தது. வெளியாள் யாராவது என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பதில் தெரியும், சொல் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும், வெளியே மட்டும் வராது. கண்ணில் தண்ணீர் முட்டும். வகுப்பில் என்னை ஊமைக்கோட்டான் என்றார்கள். அம்மாவுக்கோ அதில் பெருமை. "எம் பொண்ணு வாயே தொறக்காது, அவ்வளவு அடக்கம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். நோயை நகையாக மாட்டிவிட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஐப்பசியில் குவைத் அக்கா வந்து சேர்ந்தாள். அத்தாவின் அண்ணன் மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். பிறந்ததிலிருந்து அங்கேயே வளர்ந்தவள். பாலைவனத்தை பஸ்ஸில் கடந்து, கூடாரங்களில் கிடந்து, ஒருவழியாக பம்பாய்க்கு விமானம் ஏறி வந்திருந்தார்கள். பெரியத்தாவும் பெரியம்மாவும் வேறு விசா தேடி மெட்ராஸில் தங்கிவிட, அவளை மட்டும் எங்கள் வீட்டில் விட்டிருந்தார்கள். அவளுடைய பையில் இரண்டு ஜோடித் துணியும் ஓர் அட்டைப்பெட்டியும் இருந்தன.

"நகைநட்டெல்லாம் விட்டுட்டு வந்திருக்காங்க, இவ இதைப் போயி தூக்கிட்டு வந்திருக்கா பாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெட்டியின் மூடியில் கொம்பு முளைத்த ஏதோ பூதத்தின் படம். வீட்டில் அது இருக்கக்கூடாது என்று சொல்லி, பழைய காலண்டர் தாளைக் கிழித்துச் சோற்றுப் பசையால் அதன் மேல் ஒட்டினாள். கடைசிவரை அந்தப் பெட்டியின் மூடியில் பிறைக்கணக்குப் போட்ட ஒரு மாசி மாதம்தான் இருந்தது.

அக்காவுக்கு ஆங்கிலம் ஓடும், அரபி ஓடும், தமிழ் நொண்டும். எல்லாரையும் "நீ" என்பாள். வந்த இரண்டாவது நாள், அறுபது வயதைத் தாண்டிய அரிசி மில் முதலாளி வாசலில் வந்து நின்றபோது, இவள் எட்டிப் பார்த்து, "நீ யாரு? உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் சாயங்காலத்துக்குள் அது தெருவெல்லாம் பரவிவிட்டது. அம்மா அவளை மாடிக்கு அனுப்பினாள்.

மாடியில் இருந்தது ஒரே அறை. துபாய்ப் பணத்தில் கட்ட ஆரம்பித்துப் பாதியில் நின்றது. சுவர் பூசாத செங்கல், ஜன்னலுக்குக் கம்பி உண்டு, கதவு இல்லை. தார்ப்பாய் கட்டியிருந்தோம். வெளிநாட்டுச் சாமான் எல்லாம் அங்கேதான் கிடந்தது. காலிப் பால்பவுடர் டின்கள், ஒரு பக்கம் மட்டும் பாடும் டேப் ரிக்கார்டர், புலிப்படம் போட்ட முரட்டுக் கம்பளி. அந்தக் கம்பளியில் அத்தரும் அந்துருண்டையும் கலந்த ஒரு வாசனை. ஜன்னலில் பார்த்தால் வாய்க்கால், அதற்கு அப்பால் தண்ணீரில் முங்கிய சம்பா நடவு. மாடிப்படியின் அடியில் ஒரு கதவு. அதற்குத் தாழ்ப்பாள் கீழ்ப்பக்கம் இருந்தது.

அந்த அறையில் எங்களுக்கு முன்பே சின்னம்மா இருந்தாள். சின்னத்தாவின் மனைவி. பாபநாசத்துப் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயது. கல்யாணமாகி ஒன்றரை மாதத்தில் சின்னத்தா துபாய்க்குப் போய்விட்டார். போன வருஷம் மழை விட்ட சமயம் போனவர். அவள் சிரிக்கும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அவளையும் சில வாரங்களாக அம்மா கீழே இறங்க விடவில்லை. "கொல்லையில நெல் அவிக்க ஆள் வந்து போவுது. வயசுப் பொண்ணுங்க மூணு பேரும் மேலயே இருங்க. அவளைத் தனியா விடாதீங்க" என்றாள் அம்மா. காரணம் அவ்வளவுதான் என்று நம்பினேன்.

சின்னம்மாவுக்கு மட்டும் அம்மா தனியாகத் தின்பண்டம் அனுப்புவாள். காலையில் ஒரு தட்டு பப்பாளித் துண்டு. மதியம் கருப்பட்டி போட்ட எள்ளுருண்டை. "அவ மட்டும் தின்னணும், நீங்க கை வைக்கக்கூடாது" என்பாள். எனக்கும் அக்காவுக்கும் பொறாமையாக இருந்தது. சின்னம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து விழுங்குவாள். அவளுக்கு அதன் அர்த்தம் தெரிந்திருந்தது. எனக்கு, நான் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது, எதையெல்லாம் தின்னக்கூடாது என்று மாமியார் எண்ணிச் சொன்னபோதுதான் தெரிந்தது.

மழை பிடித்துக்கொண்டது. செய்ய ஒரு வேலையும் இல்லை. அக்கா பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஓர் ஆங்கிலப் புத்தகம், பென்சில்கள், நீல நிறத்தில் ஒரு பகடை. தாயக்கட்டை மாதிரி இல்லை, நெல்லிக்காய் மாதிரி உருண்டை, அதில் இருபது முகம். சின்னம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பக்கம் விழும்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். "அதான் ஆட்டம்" என்றாள் அக்கா.

புத்தகத்தில் இருந்த கோட்டையும் பனிமலையும் எங்களுக்குப் பிடிபடவில்லை. அதனால் அக்கா ஒரு நாட்டை எங்களுக்காக உண்டாக்கினாள். ஒரு பெரிய ஆறு. அதன் தலைப்பை ஒரு ராஜா அடைத்து வைத்திருக்கிறான். கீழே வயல் காய்கிறது. நாங்கள் ஆற்றின் கரையோடு மேலே மேலே போய் மதகைத் திறக்க வேண்டும். சின்னம்மா வில்லாளி ஆனாள். என்னைப் பார்த்து, "நீ தூதுவர்" என்றாள் அக்கா.

"எனக்குப் பேச வராது."

"தெரியும். அதனாலதான்."

முதல் நாள் முதல் காவல் கோபுரத்தில் ஒரு காவலாளி எங்களை நிறுத்தினான். அக்காதான் காவலாளி. "யார் நீ? எங்க போறே?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது. "நான் அவன்கிட்ட வழி கேக்குறேன்னு வச்சுக்க" என்று முணுமுணுத்தேன்.

"கேக்குறேன்னு சொல்லாதே. கேளு."

என்னால் முடியவில்லை. அக்கா விட்டுக்கொடுக்கவில்லை, திட்டவும் இல்லை. சம்மணம் போட்டுக் காவலாளியாகவே உட்கார்ந்திருந்தாள். தார்ப்பாயில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. கீழே அரைக்கிற அம்மியின் சத்தம் நின்று, பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. எதிரே ஓர் ஆள் எனக்காக இவ்வளவு நேரம் காத்திருப்பது எனக்குப் புதிது. மற்றவர்கள் எல்லாம் நான் திணறும்போதே அடுத்தவரிடம் திரும்பிவிடுவார்கள். கடைசியில், "ஆத்துத் தண்ணிக்காகப் போறோம். வழி விடுங்க" என்றேன். பூனை கத்துகிற மாதிரி ஒரு குரல். அக்கா பகடையை உருட்டினாள். பெரிய எண்ணாக விழுந்தது. காவலாளி எழுந்து ஒதுங்கி நின்றான். சின்னம்மா என் தொடையில் தட்டினாள். அன்று ராத்திரி சோறு எனக்கு அவ்வளவு ருசித்தது.

அதன்பின் ஒவ்வொரு மதியமும் ஆட்டம்தான். படகுக்காரர், வரி வசூலிக்கிறவர், சந்தையில் மீன் விற்கிற கிழவி, எல்லாம் அக்காவே. எல்லாரையும் அவள் "நீ வா, நீ போ" என்று பேச வைத்தாள். எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. "எழுவது வயசுப் படகுக்காரர் ரெண்டு பொம்பளைங்களைப் பாத்து அப்படியா பேசுவாரு? 'வாங்கம்மா, ஏறி உக்காருங்க'ன்னு சொல்லு" என்று சின்னம்மா திருத்துவாள். பெரியவர்களிடம் ஒன்றை மறுக்கும்போது முதலில் என்ன சொல்ல வேண்டும், பேரம் பேசும்போது எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்றெல்லாம் அக்கா எங்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கார்த்திகை பிறப்பதற்குள் அவளுடைய படகுக்காரர் எங்கள் ஊர்க்காரர் ஆகிவிட்டார். என் தூதுவரும் பூனைக் குரலை விட்டிருந்தார். வெளியே போக முடியாத நாங்கள் தினமும் ஆற்றின் கரையில் மைல்கணக்கில் நடந்தோம். சாயங்காலம் அம்மா தாழ்ப்பாளைத் திறந்து தட்டை உள்ளே வைக்கும் சத்தம் கேட்டதும் மறுபடியும் அந்தச் செங்கல் சுவருக்குள் இருப்போம். அந்த நிமிஷம்தான் எனக்கு மூச்சு முட்டும். ஆட்டம் ஆடாமலேயே இருந்திருந்தால் சுவர் இவ்வளவு கிட்டத்தில் இருப்பது தெரிந்திருக்காது.

ஒரு நாள் சண்டையில் வில்லாளிக்கு அம்பு பட்டது. பகடையில் அப்படி விழுந்தது. அடிவயிற்றில் என்றாள் அக்கா. மறுநாள் ஆட்டத்தைத் தொடங்கும்போது, "வைத்தியர் மருந்து போட்டாச்சு, காயம் ஆறிருச்சு" என்றாள்.

"ஆறலை" என்றாள் சின்னம்மா.

"ஆட்டத்துல ஒரு ராத்திரி தூங்கினா ஆறிரும். அதான் விதி."

"எனக்கு ஆறலை."

அடுத்த நாளும் அதையே சொன்னாள். அதற்கடுத்த நாளும். வில்லாளி நடக்க மாட்டாள், குனிய மாட்டாள், ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். அக்காவுக்கு எரிச்சல் வந்தது. பிறகு என்ன தோன்றியதோ, பகடையைக் கீழே வைத்துவிட்டு வைத்தியர் குரலில் மெதுவாகக் கேட்டாள். "எங்கம்மா வலிக்குது? காட்டுங்க."

சின்னம்மா வலது பக்க அடிவயிற்றில் கையை வைத்தாள். "இங்க. ரொம்ப நாளா வலிக்குது. வரும், போவும். வந்தா உயிர் போவுது."

"வீக்கம் உண்டா?"

"உண்டு. வீங்கிக்கிட்டே வருது. துணியை இறுக்கிக் கட்டி மறைக்கிறேன்."

"ஏம்மா மறைக்கணும்? யார்கிட்டயும் சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? பாத்தவங்க வேற மாதிரி நெனச்சுட்டாங்க." அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "வைத்தியரே, அந்த வில்லாளி எந்தத் தப்பும் பண்ணல."

வெளியே வாய்க்கால் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் புரிந்தது, கொஞ்சம் புரியவில்லை. அக்காவுக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. சின்னம்மா அசந்து தூங்கிய பிறகு என்னை ஜன்னலோரம் இழுத்துப் போய்க் காதில் சொன்னாள். சின்னத்தா போய் எவ்வளவு காலம் ஆகிறது, வயிறு பெரிதானால் ஊர் என்ன சொல்லும், உன் அம்மா என்ன நினைத்துக்கொண்டு இவளை மாடியில் வைத்திருக்கிறாள், எல்லாம். அம்மா ஒரு நாள் சின்னம்மாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டிவிட்டு, பேயறைந்த மாதிரி வெளியே வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு மறுநாளிலிருந்துதான் தாழ்ப்பாள்.

"அம்மாகிட்ட சொல்லிடலாம்" என்றேன்.

சின்னம்மா விழித்திருந்தாள். "வேணாம் புள்ள. நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க. என்னை எங்க வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஏன் அனுப்புனாங்கன்னு எங்க ஊரு கேக்கும். எங்கத்தா தாங்க மாட்டாங்க." சத்தியம் வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டவள் போல, "ஆட்டத்துல வேணா சொல்லிப் பாருங்க" என்றாள்.

அப்படித்தான் ஆற்றையும் ராஜாவையும் விட்டுவிட்டு எங்கள் வீட்டையே ஆடத் தொடங்கினோம். அக்கா அம்மா ஆனாள். டேப் ரிக்கார்டரின் ஒயரில் பால்பவுடர் டின் மூடிகளைக் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். நான் தூதுவர். பகடையில் பத்துக்கு மேல் விழுந்தால் அம்மா காது கொடுத்துக் கேட்பாள். பத்துக்குக் கீழே விழுந்தால் அடிப்பாள். "என்னடி வாய் நீளுது? வயசுக்குத் தக்க பேசு!" என்று அக்கா கத்துகிறபோது அச்சு அசல் அம்மாதான். சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். சிரிப்பின் நடுவிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்குவாள். நான் அடியை எதிர்பார்த்துப் பேசிப் பார்த்தேன், அழுது பேசிப் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். ஆட்டத்தில் எத்தனையோ முறை ஜெயித்தேன். உண்மையில், அம்மா தட்டு வைக்க வந்தபோது ஒருமுறை படியில் இறங்கிப் போய் எதிரே நின்றேன். "என்னடி?" என்றாள். "தண்ணி வேணும்" என்றேன்.

கார்த்திகை நடுவில் ஒரு நாள் காலையிலேயே அம்மா என்னை மட்டும் கீழே கூப்பிட்டாள். திருவாரூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் மதியம் வருகிறார்களாம். "பொண்ணு பாக்க இல்ல, சும்மா பாத்து வைக்கத்தான். சர்பத் கொண்டாந்து குடுத்துட்டு சலாம் சொல்லிட்டுப் போயிடு" என்றாள். சின்னத்தா துபாயில் என்ன சம்பாதிக்கிறார், அத்தா சவூதியிலிருந்து எப்போது லீவில் வருவார்கள் என்பதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். எனக்குப் பச்சைத் தாவணி கட்டிவிட்டாள்.

தலைக்கு வைக்க மாடியில் இருந்த பூவை எடுத்துவர நான் போனபோது, சின்னம்மா தரையில் கிடந்தாள். கம்பளியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இது முன்ன மாதிரி இல்ல. போ. போய்ச் சொல்லு" என்றாள். சின்னம்மா இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

நான் சர்பத் தட்டோடு கூடத்துக்குள் போனேன். மூத்தவள் ஒருத்தி, தலையோடு போர்த்திய ஜரிகைத் துப்பட்டி, கழுத்து நிறைய நகை. பக்கத்தில் அவளுடைய தங்கை. அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "வாயே தொறக்காதுங்க. அடுத்த வீட்டுக்காரங்களுக்கே இது குரல் தெரியாது."

"பேர் என்னம்மா?" என்று மூத்தவள் கேட்டாள்.

தொண்டை அடைத்தது. எல்லா முறையும் போலவே அடைத்தது. அம்மா எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "அதுவே சொல்லட்டும்" என்று என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். மேலே ஏதோ உருண்டு விழுந்தது.

"சின்னம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியல" என்றேன். "இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

அம்மா சிரிக்க முயன்றாள். "அதுக்கு அஜீரணம்ங்க. நீ மேல போடி."

"அஜீரணம் இல்லம்மா. ரொம்ப நாளா வலிக்குது. வலது பக்கம். வாந்தி எடுக்குறாங்க, கண்ணு சொருவுது." தட்டு என் கையில் கிடுகிடுவென்று ஆடி, சர்பத் தளும்பிக் கையெல்லாம் வழிந்தது. ஆனால் குரல் ஆடவில்லை. "நீ நெனக்கிறது இல்லம்மா. அவங்க எந்தத் தப்பும் பண்ணல."

அடிப்பாள், அழுவாள், திட்டுவாள், கேட்பாள் என்று எல்லாவற்றையும் நாங்கள் ஆடிப் பார்த்திருந்தோம். அம்மா அதில் ஒன்றையும் செய்யவில்லை. அவள் பயந்தாள். என் கண்ணெதிரே, பிடிபட்ட சின்னப் பிள்ளை மாதிரி அவள் முகம் சுருங்கிப் போயிற்று. கடல் தாண்டி இருக்கிற இரண்டு ஆண்களுக்கும் பதில் சொல்ல வேண்டியவளாக, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க முடியாமல் அவள் எத்தனை வாரமாகத் தனியாகத் தவித்திருக்கிறாள் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை. இப்போது அம்மாவின் அந்த வயதை நாமெல்லாம் எப்போதோ கடந்துவிட்டோம். இப்போது உறைக்கிறது.

திருவாரூர்ப் பெண் எழுந்துவிட்டாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வாசல்ல கார் நிக்குது. பிள்ளைய இறக்கிட்டு வாங்க. நாங்க பஸ்ல போய்க்கறோம்" என்றாள்.

கும்பகோணத்துக்கு ரோடெல்லாம் தண்ணீர். சின்னம்மா என் மடியில் படுத்திருந்தாள். அம்மா முன் சீட்டில் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்து வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தாள். லேடி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். "இன்னைக்குக் காலையிலருந்துங்க" என்றாள் அம்மா. "இல்லங்க டாக்டர், ஆவணியிலருந்து" என்றேன் நான். மீதிக் கேள்விகளை டாக்டர் என்னிடமே கேட்டார். கடைசிக் கேள்வியை மட்டும் சின்னம்மாவிடம் குனிந்து கேட்டார். "கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்துனே?"

"போன வாரம்" என்றாள் சின்னம்மா. "மாசாமாசம் சரியாத்தான் இருக்கு."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். "கர்ப்பப்பை பக்கத்துல பெரிய கட்டி. இப்ப முறுக்கிக்கிட்டிருக்கு. அதான் இந்த வலி. உடனே ஆபரேஷன் பண்ணணும். நாளைக்கு வந்திருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது" என்றார் டாக்டர்.

"கட்டியா? கட்டி மட்டுந்தானா?" என்று அம்மா கேட்டாள்.

"வேற என்ன நெனச்சீங்க?"

அம்மாவுக்குப் பதில் வரவில்லை. நாக்கின் மேல் சொல் வந்து உட்கார்ந்திருந்தது, வெளியே வரவில்லை. அந்த வேதனை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சின்னம்மா பிழைத்தாள். நான் துணைக்கு ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன். அந்த நாட்களில்தான் பெரியத்தாவுக்கு விசா கிடைத்து, மெட்ராஸிலிருந்து வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் போனதை நான் பார்க்கவில்லை. பிறகு கத்தாரிலிருந்து ஒரு கேசட் வந்தது, அதில் எங்கள் எல்லாருக்கும் தனித்தனியாகச் சலாம் சொல்லியிருந்தாள். ஒவ்வொருவருக்கும் "நீங்க" சரியான இடத்தில் இருந்தது. அந்தக் கேசட்டும் இப்போது இல்லை.

சின்னம்மா எழுந்து உட்கார ஆரம்பித்த அன்று அம்மா அவளுக்குத் தலை வாரிவிட்டாள். சிக்கு விழுந்த முடி. நான் தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஊர்க்கதையெல்லாம் பேசினாள். தண்ணீர் வடிந்தது, பயிர் தப்பித்தது, தம்பிக்குச் சளி. ஒன்றை மட்டும் பேசவில்லை. சின்னம்மா எல்லாவற்றுக்கும் உம் கொட்டிக்கொண்டிருந்துவிட்டு, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"அக்கா, நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சீப்பு நின்றது. வார்டில் யாரோ இருமினார்கள். அப்புறம் சீப்பு மறுபடி மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. அம்மா பின்னலைப் போட்டு முடித்து, அதன் நுனியை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

சின்னம்மா பாபநாசத்துக்குப் போனாள். அங்கிருந்து நேராக துபாய்க்கு. எங்கள் வீட்டில் அவள் திரும்பக் குடியிருக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்தன. நடந்தது எதையும் அவளோ அம்மாவோ சின்னத்தாவிடம் சொன்னதாகத் தெரியவில்லை. திருவாரூர்க்காரர்கள் சர்பத் குடிக்கத் திரும்பி வரவில்லை. "வாயாடிப் பொண்ணு" என்று சொன்னதாகக் கேள்வி.

நான் தை மாதம் அம்மாவிடம் போய் மறுபடி பள்ளிக்கூடம் போகிறேன் என்றேன். முடியாது என்றாள். ஏன் என்று கேட்டேன். காரணம் சொன்னாள். நானும் சொன்னேன். அறுவடை முடிந்து, நெல் அவித்து, காயவைத்து, மூட்டை கட்டும்வரை நாங்கள் சண்டை போட்டோம். அம்மாதான் ஜெயித்தாள். நான் அந்த வீட்டிலேயே, அந்த மாடியிலேயே இன்னும் நான்கு வருஷம் இருந்து, அங்கிருந்து கல்யாணமாகி இன்னொரு வீட்டுக்குப் போனேன். பேசக் கற்றுக்கொண்டால் எல்லாக் கதவும் திறந்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்று உண்டு. அதன்பிறகு எங்கள் வீட்டிலும் சரி, தெருவிலும் சரி, ஒரு பெண் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள், எவளோ ஒருத்தி நாலு நாளாக வெளியே வரவில்லை என்று காதில் விழுந்தால், அம்மா செய்கிற வேலையைப் போட்டுவிட்டு என்னைத்தான் தேடுவாள். ஆள் நடுவில் இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்வாள்.

"நான் போனா பயப்படுவாங்க. நீ போயி என்னன்னு கேளு. அவகிட்டயே கேளு."